அறவோர் மடலும் சரம் பின்னிய கையும்

சமயத் தலைவர்களுக்குப் பொருளாதாரத்தில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. 2025 ஏப்ரலில் மறைந்த போப் பிரான்சிஸ், 2015 ஜூனில் ‘லவுதாதோ சி’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டபோதும் இக்கேள்வி எழுந்தது. பொருளாதாரக் கொள்கையைத் தாம் போப்பிடமிருந்து பெறுவதில்லை என்றார் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முனைந்த ஜெப் புஷ். புவி வெப்பத்திற்குப் புகைபோக்கிகள் மட்டுமன்று, இலாபத்தையே தெய்வமாக்கிய சந்தையும் காரணம். அதன் சுமையோ முதலில் ஏழையின் தலையில் விழுகிறது என்பது மடலின் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்களும் அறிக்கை விடுத்தனர். டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் உருவாயிற்று. இவர்களால்தான் அது வந்தது என்பது மிகை. ஏழையைப் பற்றிய பேச்சு அங்கே வலுத்ததில் இவர்களுக்கும் பங்குண்டு என்பேன்.

இனி நம் கந்தக பூமிக்கு வருவோம். இங்கே குற்றச்சாட்டு புவி வெப்பமன்று, காற்று மாசு. 2015இல் தில்லிக் குழந்தைகள் மூவரின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில், வெடி வெடிப்பது சமய உரிமை என்றும் வாதிடப்பட்டது. உயிருக்கு ஊறு செய்யும் வழக்கம் சமயத்தின் பேரால் பாதுகாப்புப் பெறாது என்று 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்கும் தடை. பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்தை மட்டும் தருவதன்று. எரிவதற்கான ஆக்சிஜனையும் தருவது என்பதை நம் ஆய்வகத்தில் பயில்வோர் அறிவர். ஆகவே கம்பி மத்தாப்பும் அடிபட்டது. ஆலைகள் பல மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன.

என் தாயார் சரம் பின்னுபவர். அப்போது நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கட்டணத்திற்குக் காதுத் தோடு அடகுக்குப் போயிற்று. அந்தத் தோட்டை மீட்டதும் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான்.

வேதியியல் மாணவியாக நான் தீர்ப்பை ஏற்கிறேன். நாக்பூர் நீரி நிறுவனம் 2019இல் தந்த பசுமைப் பட்டாசில் மாசு ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் என்கிறார்கள், நல்லதே. ஆனால் கைத்தொழிலை இழந்தவளுக்கு எந்த ஆய்வகம் வாய்பாடு எழுதிற்று? போப்பின் மடலில் வேலையைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. ஏழைக்கு உதவித்தொகை தற்காலிகமே, உழைத்து வாழும் வழியே வேண்டுவது என்கிறது அது. நுகர்வைக் குறையுங்கள் என்ற பகுதியை மேற்கோள் காட்டுவோர் இதை ஏனோ தாண்டிவிடுகிறார்கள்.

சொன்னதோடு நில்லாமல் செய்து காட்டியவர் பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் இருந்தார். 1995இல் மறைந்த குன்றக்குடி அடிகளார் மடத்துக்குள் அமர்ந்து உபதேசிக்கவில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தாரை ஊருக்கு அழைத்து, 1970களின் பிற்பகுதியில் கிராமத் திட்டம் வகுத்துச் சிறுதொழில்களைத் தொடங்கச் செய்தார். காவி உடுத்தியவர் திட்டக் குழுவில் உட்கார்ந்ததை அன்றும் சிலர் ஏளனம் செய்திருப்பர்.

இதையெல்லாம் தாயாரிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “அந்தச் சாமியாரு நம்ம ஊருக்கு வந்திருந்தா நல்லாருந்திருக்கும், தாயி” என்றார். இப்போது அவர் பெட்டி ஒட்டுகிறார். சரம் பின்னியதற்குக் கிடைத்த கூலியில் பாதி கூட இதில் இல்லை.