மீண்டு வந்த பிள்ளை மீண்டும் விழாதிருக்க

பாடத்தின் நோக்கம்: போதைப்பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய வளரிளம் பிள்ளையைக் கைத்தொலைபேசியின் துணையோடு குடும்பமும் ஊரும் எவ்வாறு தாங்கலாம் என்பதை அறிதல்.

1. விருந்துக்கு மறுநாள்

ஊதாரி மகன் உவமையை நாம் எல்லோரும் அறிவோம். மகனைக் கண்ட தகப்பன் ஓடிச்சென்று கட்டியணைக்கிறார். வீட்டில் விருந்து நடக்கிறது. விருந்துக்கு மறுநாள் அந்த மகன் எப்படி எழும்பினான், பழைய கூட்டாளிகள் அவனுக்கு ஆளனுப்பினார்களா என்பவை உவமையில் இல்லை. போதையிலிருந்து மீண்டு வரும் பிள்ளையைப் பொறுத்தவரை எமது வேலை அந்த மறுநாளில்தான் தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். பதினேழு வயது மகன்; கஞ்சாவில் தொடங்கி ஐஸ் வரை போனவன். தூர இடத்து நிலையமொன்றில் சில மாதங்கள் இருந்து, முகம் தெளிந்து வருகிறான். தாய் நேர்த்திக்கடனை நிறைவேற்றுகிறார். இனி எல்லாம் சரி என்று தகப்பன் வயலுக்குப் போகிறார். ஆனால் பையன் போய்வருவது அதே சந்தியால். அவன் கையில் இருப்பதும் அதே தொலைபேசி. விற்றவனின் இலக்கமும் அதில் அப்படியே உண்டு. ஆறாவது கிழமை ஒருநாள் அவன் கண் சிவந்து பிந்தி வருகிறான். "செய்த செலவெல்லாம் வீண்" என்று தகப்பன் கத்துகிறார். மறுநாள் பையன் வீட்டில் இல்லை.

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. பிழை எங்கே நேர்ந்தது? சிகிச்சையிலா, அதன் பின்னரா?

2. ஏன் மீண்டும் விழுகிறார்கள்?

அலன் மார்லட், ஜூடித் கோர்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1985இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டனர். மீண்டும் விழுந்தவர்களை ஆராய்ந்தபோது மூன்று காரணங்கள் முன்னுக்கு நின்றன: மனச்சோர்வு, கோபம் போன்ற உணர்வுகள், வீட்டாரோடும் மற்றவர்களோடும் சச்சரவு, கூட்டாளிகளின் வற்புறுத்தல். வளரிளம் பருவத்தினரை மூன்றாவது காரணமே அதிகம் வீழ்த்துகிறது. ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளைப்பகுதி இருபது வயதைத் தாண்டிய பின்னரே முழுமையாக முதிர்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

அவர்கள் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினர். ஒருமுறை தடக்குவது வேறு. முற்றாக விழுவது வேறு. தடக்கியவன், "இனி என்ன, எல்லாம் போயிற்று" என்று நினைக்கும்போதே முற்றாக விழுகிறான்.

வவுனிக்குளத்தின் கீழ் விதைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளக்கட்டு ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் ஈரம் காட்டும், பிறகு கசியும். கசிவைக் கண்டவுடன் மண்மூடை அடுக்குகிறோம். "கட்டு துரோகம் செய்துவிட்டது" என்று விட்டுவிட்டுப் போவதில்லை. பிள்ளையிடமும் கசிவு முன்கூட்டியே தெரியும்: நித்திரை குழம்புதல், சாப்பாடு குறைதல், காரணமில்லாத எரிச்சல், பொய், பழைய கூட்டாளியின் பெயர் மீண்டும் அடிபடுதல், காசு காணாமற்போதல்.

3. 1935இல் ஒரு தொலைபேசி அழைப்பு

கசிவைக் கண்டதும் இன்னொரு மனிதரைத் தேடுவதே முதல் மருந்து. இது புதிய கண்டுபிடிப்பு அன்று.

1935 மே மாதம் பில் என்னும் நியூயோர்க் பங்குத் தரகர் ஒருவர், அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு விடுதியில் தனித்து நின்றார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் தோற்றுவிட்டது. ஒரு பக்கம் மதுச்சாலையின் ஆரவாரம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்தார். தன்னைப்போல் குடியால் வருந்தும் ஒருவரோடு பேசவேண்டும் என்று கேட்டார். அந்த வழியாக அவர் சந்தித்தவர் பொப் என்னும் வைத்தியர். இருவரும் மணிக்கணக்காகப் பேசினர். "அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்" என்ற உலகளாவிய இயக்கம் அந்தச் சந்திப்பிலிருந்தே பிறந்தது.

சில கிழமைகளில் பொப் ஒரு மாநாட்டுக்குப் போய் மீண்டும் குடித்துவிட்டு வந்தார். பில் அவரைக் கைவிடவில்லை. பொப் கடைசியாகக் குடித்தது 1935 யூன் 10ஆம் திகதி. அந்த நாளையே இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. தடக்கிய ஒருவர் மீண்டும் எழுந்த நாள் அது.

4. கைத்தொலைபேசி என்ன செய்யும்?

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நீண்டகாலச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி போன்ற தூர இடங்களில் உள்ளன. வீடு திரும்பிய பிள்ளை கிழமைதோறும் அங்கே போய்வர முடியாது. பேருந்துச் செலவே ஒருநாள் கூலியை விழுங்கிவிடும். இந்த இடைவெளியை நிரப்பவே தொலைபேசி உதவுகிறது.

2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், குடிக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 349 பேர் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினருக்கு வழமையான கவனிப்போடு, உதவி கேட்கவும் மற்றவர்களோடு பேசவும் வசதியுள்ள தொலைபேசிச் செயலி கொடுக்கப்பட்டது. ஒரு மாதத்தில் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் அவர்களிடத்தில் சராசரி 1.39, செயலி இல்லாதவர்களிடத்தில் 2.75. இவர்கள் வளர்ந்தவர்கள். இளையவர்களிடத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த சிறிய ஆய்வொன்றில், பன்னிரண்டு கிழமைகள் நாள்தோறும் குறுஞ்செய்தி மூலம் விசாரித்து ஆலோசனை கூறியபோது, மீண்டும் விழுந்தவர்கள் குறைந்தனர். 2020இல் கொவிட் காரணமாக ஊர்கள் மூடப்பட்டபோது, மீட்புக் கூட்டங்கள் பல தொலைபேசித் திரைக்கே மாறின.

இவற்றிலிருந்து நாம் கற்பது இதுதான்: நாள் தவறாமல் விசாரிக்கும் ஒரு மனிதரே மருந்து, தொலைபேசி அவரைக் கூட்டிவரும் வண்டி மட்டுமே.

5. எமது ஊரில் செய்யும் முறை

அ. துணையாள்: பிள்ளையே நம்பித் தெரிவுசெய்யும் வளர்ந்தவர் ஒருவர் தேவை. மாமி, ஆசிரியர், உபதேசியார், பல வருடங்களாகப் போதையை விட்டிருப்பவர் என எவராகவும் இருக்கலாம். குடும்பமும் அவரை அறிந்திருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். சமிக்ஞை குறைந்த இடத்தில் சாதாரண அழைப்பே போதும்.

ஆ. இரவு எண்: பிள்ளை இரவில் பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண்ணை அனுப்பட்டும். பூச்சியம் என்றால் ஆசை இல்லை. பத்து என்றால் தாங்கமுடியவில்லை. ஏழைத் தாண்டினால் துணையாள் உடனே அழைக்க வேண்டும். மறுநாள் நேரில் போக வேண்டும்.

இ. அரை மணிநேரம்: போதை ஆசை அலைபோல் எழுந்து, பெரும்பாலும் அரை மணிநேரத்திற்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் இடத்தை விட்டு விலகி, தண்ணீர் குடித்து, துணையாளை அழைக்கப் பழக்குவோம்.

ஈ. உளவளத்துணை: கிழமைக்கொருமுறை உளவளத்துணையாளருடன் தொலைபேசியில் பேச ஒழுங்கு செய்வோம். மேற்கூறிய சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழில் பேச விரும்புவதை முதலிலேயே சொல்லுங்கள்.

உ. ஆபத்து நாட்கள்: அறுவடைக் காசு கையில் வரும் நாட்கள், இரு போகங்களுக்கிடையே வேலையற்ற கிழமைகள், திருவிழா இரவுகள், பரீட்சை முடிவு வரும் நாள் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து, அன்று இரண்டு முறை பேசவேண்டும்.

6. எச்சரிக்கை

விற்பவனும் இதே தொலைபேசியால்தான் வருகிறான். ஆகவே பழைய இலக்கங்களைப் பிள்ளை தன் கையாலேயே அழிக்கட்டும். முடிந்தால் சிம் அட்டையையும் மாற்றட்டும். இரவில் தொலைபேசி விறாந்தையில் இருக்கட்டும். பறித்து உடைப்பது தீர்வாகாது. அது துணையாளையும் சேர்த்துப் பறிப்பதாகும்.

அறிமுகமற்றவர்கள் நடத்தும் குழுக்களில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். பொறுப்பான பெரியவர் நடத்தும் சிறு குழுவே பாதுகாப்பானது. படம் அனுப்புவதும், பிறர் கதையை வெளியே சொல்வதும், போதை அனுபவத்தைப் புழுகுவதும் அங்கே கூடாது. பெண்பிள்ளைகளுக்குப் பெண் துணையாளே இருக்கட்டும்.

ஹெரோயினை விட்டவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. இடைவெளிக்குப் பின் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். மயங்கிக் கிடந்தால் ஒளிக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள், அல்லது 1990 அம்புலன்சை அழையுங்கள்.

7. தடக்கினால்

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்களை மல்லாவி ஏற்றது. 2008இல் மல்லாவி மக்களே மூட்டை கட்டினார்கள். அந்த வழிகளில் எமக்குத் தண்ணீர் தந்தவர்கள், "ஏன் திரும்பவும் வந்தீர்கள்?" என்று கேட்கவில்லை. தடக்கிய பிள்ளை கதவைத் தட்டும்போது நாமும் அப்படியே இருப்போம். முதலில் சாப்பாடு, பிறகு நித்திரை, மறுநாள், "எந்த இடத்தில் கசிந்தது?" என்ற ஒரே கேள்வி. அன்றே துணையாளுக்கும் உளவளத்துணையாளருக்கும் அறிவிப்போம். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை விடப் பிள்ளையின் உயிர் பெரியது.

கலந்துரையாடலுக்கு:

1. எமது கிராமத்தில் ஒரு பிள்ளை இரவு பத்து மணிக்குப் பயமின்றி அழைக்கக்கூடிய மூன்று பெரியவர்கள் யார்?

2. சிகிச்சை பெற்று வந்த பிள்ளையைக் கண்டால் நாம் சந்தியில் என்ன கதைக்கிறோம்? எதை நிறுத்த வேண்டும்?

3. மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, போகங்களுக்கு இடையில் இவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

செயல்: அடுத்த கூட்டத்திற்கு முன் ஒவ்வொரு குழுவும் ஒரு துணையாளையாவது தெரிவுசெய்து, உளவளத்துணையாளரிடம் வழிகாட்டல் பெற அனுப்புவதாக.