வாடகை வீட்டுக்கு ஃபைபர் வருமா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மாற்றல் உத்தரவோடு கொல்லிமலைக்கு வரும் ஆசிரியரோ செவிலியரோ வங்கி ஊழியரோ முதலில் தேடுவது வாடகை வீடு. அடுத்துத் தேடுவது சிக்னல். சன்னலோரம் இரண்டு கோடு காட்டும் போன், சமையலறைக்குப் போனால் செத்துவிடும். 'ஃபைபர் போட்டுக்கலாமே' என்று ஒருவர் சொன்னால் போதும், வேண்டாம் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இது மலை. இங்கெல்லாம் ஃபைபர் ஏறாது."

மலைக்கு ஏற்ற கம்பியே ஃபைபர் என்னும் கண்ணாடி இழைதான். பழைய தொலைபேசியின் செப்புக் கம்பியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டினாலே இணையம் இளைத்துவிடும். கண்ணாடி இழைக்குள் போவது ஒளி. இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பு, வழியில் மின்சாரக் கருவி எதுவும் இல்லாமலே 20 கிலோமீட்டர் வரை போகும்படி வடிவமைக்கப்பட்டது. கேபிளை மின்கம்பங்களிலேயே கட்டிக்கொண்டு வரலாம், பாறையைத் தோண்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலையை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் ஏற்றது. கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடக்கம்.

இங்கேதான் இன்னொரு தவறான நம்பிக்கை முளைக்கிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு கேபிள் வந்துவிட்டால் நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நினைப்பது. பாரத்நெட் கொண்டுவருவது ஊர் வாசல் வரை. அங்கிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் இழுக்க வேண்டியவர் இணைப்பு கொடுக்கும் நிறுவனமோ அதன் உள்ளூர்க் கூட்டாளியான கேபிள்காரரோதான். கொல்லிமலையில் ஒரு ஊராட்சி என்பது ஒரே ஊர் அல்ல, காடும் தோட்டமும் இடையிட்ட பல சிற்றூர்கள். கடைவீதியில் கிடைக்கும் இணைப்பு, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். அதனால் 'கொல்லிமலையில் ஃபைபர் இருக்கிறதா?' என்று கேட்டுப் பயனில்லை. 'இந்தத் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது? இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி எந்தக் கம்பத்தில் இருக்கிறது? அதில் காலி இடம் உண்டா?' என்று கேளுங்கள்.

"வாடகைக்கு இருப்பவருக்குத் தரமாட்டார்கள், வீட்டுக்காரர் பெயரில்தான் வாங்க வேண்டும்."

தவறு. இணைப்பு உங்கள் பெயரிலேயே கிடைக்கும். அடையாளத்துக்கு ஆதாரும், முகவரிக்கு வாடகை ஒப்பந்தமும் பொதுவாகக் கேட்பார்கள். மலையில் பல வீடுகள் வாய்ப்பேச்சில்தான் வாடகைக்கு விடப்படுகின்றன. அப்படியானால், 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார், இணைப்பு போட ஆட்சேபணை இல்லை' என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் இருப்பதே நல்லது. கட்டிய டெபாசிட் உங்களுக்குத் திரும்பும், வீடு மாறினால் இணைப்பை மாற்றக் கேட்கும் உரிமையும் உங்களுடையது. வீட்டுக்காரரின் இணைப்பில் பாஸ்வேர்ட் வாங்கி ஓட்டினால், அதில் நடக்கும் எதற்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் நிறுத்தி வைக்கக் கூடாத அத்தியாவசியச் சேவைகளில் தகவல் தொடர்பு இணைப்பையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான மாதிரி மட்டுமே. இருக்கும் இணைப்பை வெட்டக் கூடாது என்பது வேறு, சுவரில் புதுத் துளை போடுவது வேறு. துளைக்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

"சுவரை உடைப்பார்கள்."

வீட்டுக்காரர்கள் மறுப்பதற்கு முக்கியக் காரணம் இந்தப் பயம். என்ன நடக்கும் என்று அருகில் நின்று பாருங்கள். வீட்டுக்குள் நுழையும் கேபிள், டிவி கேபிளைவிட மெல்லியது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு துளை போதும். சன்னல் சட்டத்தில் இடைவெளி இருந்தால் அதுவும் வேண்டாம், ஓட்டு வீட்டில் இறவாரத்துச் சந்து வழியாகவே கொண்டுவந்துவிடலாம். துளை போட்டால் அது வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலைச் சாரல் உள்ளே வழியும். உள்ளே வந்ததும் இணைப்பு போட வந்தவர் மேலுறையை உரித்து, முடியளவே இருக்கும் இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்கான கருவியில் நேராக வெட்டி, முனையில் கனெக்டரை மாட்டுவார். பிறகு ஒரு சின்ன மீட்டரில் ஒளியை அளப்பார். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தொட்டால் இணைப்பு அறுந்து, மோடத்தில் அடிக்கடி சிவப்பு விளக்கு எரியும். மிச்சக் கேபிளை மடித்து அமுக்காமல், டம்ளர் வாய் அகலத்துக்குச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

வெளியே கேபிளை சில்வர் ஓக் மரத்தில் கட்டவிடாதீர்கள். மிளகுக்கும் காபிக்கும் நிழலைக் குறைக்கக் கிளை கழிக்கும் நாளில் அறுபடும். கம்பம்தான் அதற்கு இடம்.

"ஃபைபர் வழியாக இடி இறங்கும்."

கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் பாரம் தாங்குவதற்காக கேபிளோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியில் பாயும். அந்தக் கம்பியை வெளிச்சுவர்க் கொக்கியோடு நிறுத்திவிட வேண்டும், வீட்டுக்குள் விடக் கூடாது. மோடமும் கரண்டில்தான் ஓடுகிறது, ஆகவே இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

"கரண்ட் போனால் நெட்டும் போய்விடும்."

பாதி உண்மை. கம்பத்துப் பிரிப்புப் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை. வீட்டு மோடம் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது, அதற்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். இணைப்பு புறப்படும் இடத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டால் மட்டும் நாம் செய்ய ஒன்றுமில்லை.

வேகத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட், மெகாபைட் அல்ல. நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும், யாரும் ஏமாற்றவில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் துளையைப் பற்றியும், பக்கத்து வீட்டில் இணைப்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். காலி செய்யும் நாளில் மோடத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சுவரில் இருக்கும் கேபிளை மட்டும் அறுத்தெடுக்காமல் விட்டுப் போங்கள், அடுத்து குடிவருபவருக்கு அது உதவும்.