அம்மாவுக்கு ‘தி’ உண்டு, மகனுக்கு இல்லை

கேள்வி: சீன மாணவர்கள் சிலருக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘ப்ரிஸன்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தி’ எப்போது வரும், எப்போது வராது என்பதில் திணறுகிறார்கள். ‘ஜெயில்’ வேறா, ‘ப்ரிஸன்’ வேறா என்றும் கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?
– ஓர் ஆசிரியை, கோவை

பதில்: சீன மொழியில் ‘எ’, ‘தி’ போன்ற ஆர்டிகிள்களே கிடையாது. அதனால் இலக்கண விதியை விட்டுவிட்டு ஆட்களை வைத்து விளக்குங்கள். மகன் தண்டனை பெற்று உள்ளே இருக்கிறான்: ‘ஹி இஸ் இன் ப்ரிஸன்’. மனுப் போட்டுவிட்டு அவனைப் பார்க்க அம்மா போகிறாள்: ‘ஷி வென்ட் டு தி ப்ரிஸன்’. குழாய் ரிப்பேருக்குப் போகிறவருக்கும் அதே ‘தி’தான். அம்மாவின் வாக்கியத்தில் ‘தி’யை விட்டுவிட்டால், அவளே தண்டனை பெற்று உள்ளே போனதாகிவிடும். இதைச் சொன்னால் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கும் சர்ச்சுக்கும் இதே முறைதான்.

இன்னொரு பிழைக்குக் காரணம் அவர்களுடைய தாய்மொழி. சிறையில் இருப்பதை மாண்டரினில் ‘ட்ஸுவோ லாவ்’ என்பார்கள். ‘ட்ஸுவோ’ என்றால் உட்கார்வது. (‘லாவ்’ என்பதன் எழுத்தில் கூரைக்குக் கீழே ஒரு மாடு இருக்கும், ஆதியில் அது தொழுவத்தைக் குறித்த எழுத்து.) அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘சிட்’ என்று எழுதிவிடுவார்கள். ‘கோ டு ப்ரிஸன்’, ‘சர்வ் ஃபைவ் இயர்ஸ் இன் ப்ரிஸன்’ என்று முழுத் தொடராகவே பழக்குங்கள்.

அடுத்தது ஜெயில். அகராதிகள் இரண்டு சொல்லுக்கும் ‘ஜியென்யூ’ என்றே பொருள் தருவதால்தான் குழப்பம். அமெரிக்காவில் ஜெயில் பெரும்பாலும் கவுன்டி ஷெரிஃபின் பொறுப்பு. விசாரணைக் கைதிகளும், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். அதற்கு மேற்பட்ட தண்டனை என்றால் மாநில அரசின் அல்லது மத்திய அரசின் ப்ரிஸன். சீனாவிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. காவல் துறையின் ‘கான்ஷோவ்சுவோ’வில் விசாரணைக் கைதிகளும், தண்டனையில் 3 மாதமோ அதற்குக் குறைவாகவோ பாக்கி உள்ளவர்களும் இருப்பார்கள். ‘ஜியென்யூ’ நீதித் துறை நிர்வாகத்தின் கீழ் வருவது. எனவே ஜெயிலுக்குக் கான்ஷோவ்சுவோ, ப்ரிஸனுக்கு ஜியென்யூ என்று இணைத்துக் காட்டுங்கள். அச்சு அசலாகப் பொருந்தாது என்றாலும் பாடத்துக்கு இது போதும். பிரிட்டனில் அன்றாடப் பேச்சில் இரண்டும் ஒன்றுதான்.

உச்சரிப்பையும் கவனியுங்கள். ‘ப்ரிஸன்’ நடுவில் வரும் அதிரும் ‘இஸட்’ ஒலி மாண்டரினில் இல்லை. தொண்டையில் விரல் வைத்து அந்த ஒலியை மட்டும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு தெரிந்தால் சரி.