பெட்டியைக் கட்டும் முன் பைலைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் முதலில் கற்றுக்கொள்வது எக்ஸெல். வீட்டுக் கணக்கு, பால் கணக்கு என்று தொடங்கி, வீட்டில் தயாரிக்கும் பொருளை இன்டர்நெட் வழியாக விற்கும் அளவுக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். அப்படி விற்பவர்கள் சரக்கைத் தம் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பாமல், மொத்தமாக ஒரு கிடங்கில் கொடுத்துவிடலாம். ஆர்டர் வர வர, கிடங்குக்காரர்களே பொருளை எடுத்து, கட்டி, வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கிடங்குக்குச் சரக்கை எப்படித் தயார் செய்து அனுப்புவது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் இருக்கும் என் சின்னம்மா ஊறுகாய் போட்டு விற்கிறார். எலுமிச்சை, பூண்டு, மாங்காய் என மூன்று ரகம். சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கிப் பாட்டில், எண்ணெய் எல்லாம் வாங்கியிருந்தார். பொங்கல் விற்பனைக்காக ரகத்துக்கு 48 வீதம் 144 பாட்டில்களை 12 பெட்டிகளில் கட்டி, ரெட்ஹில்ஸ் பக்கம் உள்ள ஒரு கிடங்குக்கு அனுப்பினோம். கட்டும் வேலை அவருடையது. கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. நான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே!

மறுநாள் கிடங்கிலிருந்து போன். "சார், உங்க லிஸ்ட்ல மூணு ஐட்டத்துக்கும் ஒரே நம்பர் இருக்கு. பாட்டில்ல இருக்கற நம்பர் எதுவுமே லிஸ்ட்ல இல்ல" என்றார்கள். சரக்கு 11 நாட்கள் ஒரு மூலையில் கிடந்தது. பொங்கல் போய்விட்டது. "இன்னாடா இது, ஒரு பாட்டில்கூட உடையாம போய்ச் சேந்துச்சுன்னு சொன்னியே?" என்றார் சின்னம்மா. பாட்டில் எதுவும் உடையவில்லை. உடைந்தது நான் தயாரித்த பைல்.

கிடங்கு எதைப் பார்க்கிறது?

அண்ணாச்சி கடையில் சரக்கு இறக்கினால், பாட்டிலைப் பார்த்தே இது பூண்டு, இது மாங்காய் என்று அடுக்கிவிடுவார். கிடங்கில் அப்படி இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான பொருட்கள். ஊழியர் ஸ்கேனரைக் காட்டுவார். ஸ்கேனர் படிக்கும் நம்பர் நீங்கள் முன்பே அனுப்பிய பட்டியலில் இருந்தால் பொருள் உள்ளே போகும். இல்லாவிட்டால் ஓரமாக வைக்கப்படும். ஆகவே கிடங்கைப் பொறுத்தவரை நம்பர்தான் பொருள். பட்டியலில் உள்ள நம்பர், பாட்டிலில் உள்ள நம்பர், பெட்டியின் உள்ளே இருக்கும் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கீழே சொல்லும் ஐந்து படிகளும் இதற்காகத்தான்.

படி 1: நம்பரைப் புரிந்துகொள்ளுங்கள்

கடைப் பொருட்களில் பார்கோடின் கீழே 13 இலக்க எண் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு இஏஎன்-13 என்று பெயர். பார்கோடு ஒட்டிய பொருள் முதன்முதலாக ஒரு கடையில் ஸ்கேன் செய்யப்பட்டது 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ல், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில். அந்தப் பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட்!

இந்தியாவில் இந்த எண்களை வழங்கும் அமைப்பு ஜிஎஸ்1 இந்தியா. இங்கே பதிவு செய்பவர்களின் எண் 890 என்று தொடங்கும். 890 இருந்தால் பொருள் இந்தியாவில் தயாரானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. எண் இந்திய அமைப்பின் வழியாக வாங்கப்பட்டது என்பது மட்டுமே அதன் பொருள்.

ஒவ்வொரு ரகத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனி எண் வேண்டும். பூண்டு ஊறுகாய் 300 கிராமுக்கு ஒன்று, 500 கிராமுக்கு இன்னொன்று. சில கிடங்குகள் தம் சொந்த எண் கொண்ட லேபிளை ஒட்டச் சொல்லும். அப்போது பழைய பார்கோடு வெளியே தெரியாதபடி அதன் மேலேயே புது லேபிளை ஒட்டுங்கள். ஒரே பாட்டிலில் இரண்டு பார்கோடு தெரிந்தால் ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

படி 2: எக்ஸெல்லில் எண்ணை எழுத்தாக வையுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். எக்ஸெல் செல் ஒன்றில் 8901234567814 என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். (இது ஒரு மாதிரி எண்.) 8.90123 என்று எழுதி, பக்கத்தில் ஆங்கில எழுத்து 'இ', பிளஸ் குறி, 12 என்று காட்டும். பெரிய எண்களை எக்ஸெல் இப்படிச் சுருக்கிக் காட்டும். உள்ளே முழு எண்ணும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அந்தப் பைலை சிஎஸ்வி பைலாக சேவ் செய்தால், கண்ணுக்குத் தெரிகிற சுருக்கம்தான் பைலில் எழுதப்படும். பல கிடங்குகள் கேட்பதோ சிஎஸ்வி பைலைத்தான்.

அந்தச் சுருக்கத்தைக் கிடங்கின் கம்ப்யூட்டர் 8901230000000 என்று விரித்துப் படிக்கும். சின்னம்மாவின் மூன்று ரகத்துக்கும் முதல் இலக்கங்கள் ஒன்றுதான். மாறுவது கடைசி இலக்கங்களே. அவை பூஜ்யமாகிவிட்டதால் எலுமிச்சை, பூண்டு, மாங்காய் மூன்றும் ஒரே நம்பர் ஆகிவிட்டன.

இதைத் தவிர்க்க, டைப் செய்யும் முன்பே கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

1. எண்கள் வரவேண்டிய காலத்தின் தலைப்பு எழுத்தில் கிளிக் செய்யுங்கள். முழுக் காலமும் தேர்வாகும்.
2. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு 1 தட்டுங்கள். பார்மட் செல்ஸ் பாக்ஸ் கிடைக்கும்.
3. நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்வு செய்து ஓகே கிளிக் செய்யுங்கள்.
4. இனி எண்களை டைப் செய்யுங்கள். 13 இலக்கமும் அப்படியே நிற்கும்.

ஏற்கெனவே டைப் செய்து சுருங்கிவிட்ட எண்ணா? அதே பாக்ஸில் நம்பர் என்பதைத் தேர்வு செய்து, டெசிமல் பிளேசஸ் இடத்தில் 0 கொடுங்கள். முழு எண் திரும்பக் கிடைக்கும். ஆனால் எக்ஸெல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். பெட்டிகளுக்கான 18 இலக்க எண்ணை டெக்ஸ்ட் ஆக்காமல் டைப் செய்தால் கடைசி மூன்றும் பூஜ்யமாகிவிடும். அதை மீட்க வழியில்லை.

இன்னொரு எச்சரிக்கை. சிஎஸ்வி பைலைச் சரிபார்க்க அதன் மேல் டபுள் கிளிக் செய்யாதீர்கள். அது எக்ஸெல்லில் திறந்து, மறுபடி சுருங்கும். அப்படியே சேவ் செய்தால் கதை முடிந்தது. பைல் மேல் ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித் சென்று, நோட்பேட் தேர்ந்தெடுங்கள். பைலில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை நோட்பேட் காட்டும்.

எக்ஸெல்லின் இந்தக் குணம் பெரிய ஆராய்ச்சியாளர்களையும் ஆட்டி வைத்தது. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. 2023-ல் மைக்ரோசாப்ட் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. புதிய பதிப்புகளில் பைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று சென்றால் அது கிடைக்கும்.

படி 3: கடைசி இலக்கம் என்ற காவல்காரர்

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்ததிலிருந்து எங்கள் பகுதிக்கு இது பழகிய காட்சி. ஒவ்வொரு கன்டெய்னரிலும் நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியாகக் கட்டம் கட்டிய ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கட்டம் எதற்கு என்று அப்போது தெரியாது. பின்னால்தான் தெரிந்தது, அது செக் டிஜிட் எனப்படும் சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ளவற்றில் கணக்குப் போட்டு வருவது. யாராவது எண்ணைத் தவறாக எழுதினால் கணக்கு இடிக்கும்.

நம் பார்கோடிலும் 13-ஆவது இலக்கம் இதே வேலையைத்தான் செய்கிறது. கணக்கு முறை மட்டும் வேறு. மாதிரி எண் 8901234567814-ஐ எடுத்துக்கொள்வோம். கடைசி 4-ஐ விட்டுவிடுங்கள்.

முதல், மூன்றாவது, ஐந்தாவது என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை: 8+0+2+4+6+8 = 28.
இரட்டைப்படை இடங்களில் உள்ளவை: 9+1+3+5+7+1 = 26. இதை 3-ஆல் பெருக்கினால் 78.
மொத்தம் 28+78 = 106. இதற்கு அடுத்து வரும், பத்தால் வகுபடும் எண் 110. வித்தியாசம் 4. அதுதான் கடைசி இலக்கம்.

ஓர் இலக்கம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் காட்டிவிடும். 1-ம் 6-ம் போல இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும்.

இப்போது நான் அனுப்பிய 8901230000000-க்குக் கணக்குப் போடுங்கள். ஒற்றைப்படை 10, இரட்டைப்படை 13, அதன் மூன்று மடங்கு 39, மொத்தம் 49. கடைசி இலக்கம் 1 வரவேண்டும். பைலில் இருந்ததோ 0. ஒரு நிமிடம் பேப்பரில் கூட்டிப் பார்த்திருந்தால் 11 நாள் நஷ்டம் இல்லை.

படி 4: லேபிளை அளவோடு பிரிண்ட் செய்யுங்கள்

இஏஎன்-13 பார்கோடின் முழு அளவு, இருபுறமும் விடவேண்டிய வெற்றிடத்தையும் சேர்த்து 37.29 மி.மீ. அகலம், 25.93 மி.மீ. உயரம். இதில் 80 சதவீதம் வரை சுருக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள். பிரிண்ட் கொடுக்கும்போது பிட் என்பதற்குப் பதிலாக ஆக்சுவல் சைஸ் தேர்வு செய்யுங்கள். முதல் தாளை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

பார்கோடின் இரு பக்கமும் உள்ள வெள்ளை இடத்தை அலங்காரம் செய்து நிரப்ப வேண்டாம். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்கேனர் அறிவது அதை வைத்துத்தான். சிவப்புக் கோடுகளும் வேண்டாம். பல ஸ்கேனர்களின் ஒளி சிவப்பு என்பதால் சிவப்புக் கோடு அதற்கு வெள்ளையாகவே தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்பதே பாதுகாப்பு. உருண்டையான சின்ன பாட்டிலில் கோடுகளை ஏணிப்படி போல வரும்படி ஒட்டினால், வளைவில் மறையாமல் முழுவதும் படிக்கும்.

இங்க்ஜெட் மை எண்ணெய்க் கை பட்டால் கலையக்கூடும். ஊறுகாய்க்கு லேசர் பிரிண்ட் நல்லது. ஒட்டி முடித்தபின் ரகத்துக்கு ஒன்றை எடுத்து, போனில் உள்ள ஸ்கேனர் ஆப்பில் படித்து, நோட்பேடில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் தொடர்புக்கான விவரம் ஆகியவை 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி லேபிளில் இருக்க வேண்டியவை. உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் வேண்டும். பார்கோடு ஒட்டும்போது இவற்றை மறைத்துவிடாதீர்கள்.

படி 5: பெட்டி

பாட்டில் மூடியை இறுக்கி, சீல் செய்து, ஒவ்வொன்றையும் தனிப் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். ஒன்று கசிந்தாலும் மற்ற லேபிள்கள் தப்பிக்கும். பாட்டில்களுக்கு நடுவே அட்டைத் தடுப்பு வையுங்கள். கண்ணாடியும் கண்ணாடியும் தொடக்கூடாது. மூடியபின் பெட்டியை ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் உள்ளே இன்னும் இடம் இருக்கிறது. காகிதம் திணியுங்கள்.

ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஈரக்காற்றில் அட்டைப்பெட்டி நமத்து, பலம் இழக்கும். காலிப் பெட்டிகளைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். கண்ணாடிப் பொருளுக்கு 5 பிளை பெட்டியே வாங்குங்கள்.

கூரியர் கட்டணத்துக்கு எக்ஸெல்லையே பயன்படுத்தலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். 40, 30, 30 செ.மீ. பெட்டிக்கு 7.2 கிலோ வரும். உள்ளே 4 கிலோ மசாலாப் பொடிதான் என்றாலும் 7.2 கிலோவுக்குக் கட்டணம். பெட்டியைச் சிறிதாக்கினால் பணம் மிச்சம்.

ஒரு பெட்டியில் ஒரே ரகம் வைப்பது நல்லது. பெட்டியின் வெளியே '12-ல் 1', '12-ல் 2' என்று எழுதி, உள்ளே என்ன, எத்தனை என்ற சீட்டையும் வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அந்தக் கிடங்கின் முகவரியைத் தம் பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்கவும் மறக்க வேண்டாம்.

அடுத்த முறை சித்திரைக்கு அனுப்பியபோது நான் எக்ஸெல்லில் எண்களை டெக்ஸ்ட் ஆக வைத்தேன். சின்னம்மா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து மூன்று எண்ணுக்கும் செக் டிஜிட் கூட்டிப் பார்த்தார். மூன்றும் சரி. "இப்ப டேப்பு ஒட்டலாமா?" என்றார். கிடங்கில் அன்று மாலையே சரக்கு உள்ளே போனது. நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்: முதலில் பைல், பிறகு லேபிள், கடைசியில்தான் டேப்.