தீபாவளி வாசலும் நான்கு மணி மழையும்

தஞ்சோங் மாலிமில் தீபாவளி மழையோடுதான் வரும். 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று தேதி முன்பின்னாகப் போனாலும், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த ஈர மாதங்களைத் தாண்டுவதில்லை. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். உச்சிவேளை கழிந்ததும் தித்திவங்சா மலைப்பக்கம் மேகம் கட்டும். மூன்று, நான்கு மணிக்கெல்லாம் இடியோடு கொட்டும். விருந்தாளிகள் வந்து இறங்கும் நேரமும் அநேகமாக அதுதான்.

எங்களுடையது தாமானில் மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் புல்தரை, முன்னால் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை, சுற்றிலும் லோங்காங் என்கிற வடிகால். தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல இதே தாமானில்தான் குடியேறின. பெருநாளன்று கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகள் இ.டி.எஸ். ரயிலில் வந்து இறங்குவார்கள். வீட்டுக்காரரோடு புரோட்டோன் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் வருவார்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் எதிர்வரிசைச் சீனக் குடும்பமும் வரும். ஊருக்குப் போக முடியாத உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் சிலரையும் கூப்பிட்டுவிடுவோம். இத்தனை பேரும் வீட்டுக்குள் அடங்கமாட்டார்கள். ஆகவே எங்களுக்கு வாசல்தான் விருந்து மண்டபம்.

பல வருடமாக இந்த வாசலைத் தயார் செய்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. வேலையை லோங்காங்கில் தொடங்க வேண்டும். பூந்தொட்டியும் விளக்குச் சரமும் கடைசி வாரத்துக்குப் போதும். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதைப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும். நல்ல மழை பிடிக்கும் ஒரு மாலையில் குடையோடு வெளியே போய் நின்று பாருங்கள். கூரைத் தகரத்து நீர் சரியாக எந்த இடத்தில் கொட்டுகிறது, சிமெண்டுத் தரையில் எந்த மூலையில் குளம் கட்டுகிறது, புல்தரை எங்கே சதசதவென்று ஆகிறது என்று பார்த்து, அங்கங்கே ஒரு குச்சி நட்டு வையுங்கள். மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால் பாதி தெரியாது.

குச்சி நட்ட இடங்களை எல்லாம் சிமெண்டு போட்டு மூடிவிட வேண்டும் என்றில்லை. புல்தரையில் தேங்கினால் ஒரு மண்வெட்டி அகலத்தில் லோங்காங் வரை சிறு வாய்க்கால் வெட்டி, அதில் பொடிக்கல் கொட்டினாலே போதும். இங்கே மண் செம்மண். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் இறுகும். ஆட்கள் நடக்கும் பாதையில் மட்டும் குவாரிக் கல்தூளை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மிதித்து இறுக்கிவிடுவேன். சிமெண்டுத் தரையைப் புதிதாகப் போடுகிறவர்கள் ஒரு மீட்டருக்கு ஒரு செண்டிமீட்டராவது வாட்டம் வையுங்கள் என்று மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லோங்காங்கில் படிந்த மண்ணை வாரிப் போடுவது அலுப்பான வேலை. ஆனாலும் அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

இந்தப் புத்தி தோட்டத்திலிருந்து வந்தது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது லயத்துக் கால்வாயில் இலை கிடந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் சத்தம் போடுவார். அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் சஞ்சிக்கூலிகளாக வந்த நம்மவர்களை மலேரியா கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க மருத்துவர் சதுப்பு நீரை வடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்தினார். ஆனால் மலையடிவாரத் தோட்டங்களில் காட்டை வெட்டித் திறந்த கால்வாய் எடுத்தபோது காய்ச்சல் கூடியது. அங்கே உள்ள கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் இனம். அதனால் அங்கே நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே ஓட்டினார்கள், ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். லயத்தைச் சுற்றிக் கால்வாயைச் சுத்தமாக வைப்பது உயிர் காக்கும் வேலையாக இருந்தது.

இன்றைக்கு மலேரியாவின் இடத்தில் டெங்கி. ஏடிஸ் கொசுவுக்கு ஓடை தேவையில்லை, ஒரு மூடி அளவு தண்ணீர் போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒரு முறை வாசலைச் சுற்றிவந்தால் அந்தச் சங்கிலியை அறுத்துவிடலாம். தொட்டிக்குக் கீழே உள்ள தட்டு, அன்னாசிச் செடி மாதிரி இலையடியில் நீர் பிடிக்கும் அழகுச் செடிகள், வெட்டிய மூங்கில் கணு, தேங்காய்ச் சிரட்டை, கூரைத் தாழ்வாரத்தில் இலை அடைத்த இடம், மடித்துப் போட்ட கேன்வாஸ் எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனால் மட்டும் தீராது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும். அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்காத நாட்களில் பால் மங்கைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் தோட்டத்தில் உண்டு. இங்கும் அப்படித்தான்: வாசலில் எது குழிந்திருக்கிறதோ அது கவிழ்ந்திருக்கட்டும். கொசு வளரும் இடம் வைத்திருப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சுகாதார அதிகாரிகள் வந்தால் அபராதம் போடுவார்கள். அதைவிட, நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்த பிள்ளை காய்ச்சலோடு திரும்பக் கூடாது.

களைக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பெருநாளுக்குக் களைக்கொல்லி அடிக்காதீர்கள். என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் டின்னைச் சுமந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல், காற்று அடிக்கும் பக்கமே நடந்தவர். இப்படிப்பட்ட பெண்களின் உடல்நிலையைப் பற்றித் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வு வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் முழுமையாகத் தடையானதே 2020 ஜனவரியில்தான். நம் பிள்ளைகள் வெறுங்காலோடு மத்தாப்பு கொளுத்தும் புல்லில் எந்த மருந்தும் வேண்டாம். மழைக்கு மறுநாள் காலையில் மண் இளகியிருக்கும். அப்போது ஒரு குத்தூசி போதும், சாதாரணக் களைகள் வேரோடு வந்துவிடும். லாலான் மட்டும் விடாது. அதன் வேர் தரைக்கடியில் வெள்ளைக் கயிறாக ஓடும்; தோண்டி, துண்டு விடாமல் பொறுக்க வேண்டும்.

புல்லைப் பெருநாளுக்கு முதல்நாள் வெட்டினால் நுனி பழுத்து மஞ்சளாகத் தெரியும். நான்கைந்து நாள் முன்பு, காய்ந்த நேரத்தில், ஒட்ட வெட்டாமல் வெட்டினால் அன்றைக்குப் பச்சைப் பசேலென்று இருக்கும். உரம் போடுவதானால் ஒரு மாதம் முன்பு, கொஞ்சமாக. அடைமழைக்கு முன் போட்ட உரம் லோங்காங்குக்குத்தான் போகும். செயற்கைப் புல் விரிக்கிறவர்களைப் பார்க்கிறேன். நம் மழைக்கு அது ஈரத்தைப் பிடித்து வைத்து நாறும். அந்தக் காசில் இரண்டு மூட்டை கல்தூள் வாங்கலாம்.

பூவுக்குத் திட்டம் ஆகஸ்டிலேயே தொடங்கும். செண்டுமல்லி விதை போட்டால் பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். காகிதப்பூவைத் தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் முன்பு கவாத்து செய்து, தொட்டியை மழை படாத தாழ்வாரத்தின் ஓரத்தில், வெயில் விழும்படி நகர்த்திவிடுங்கள். மண் காய்ந்தால்தான் அது பூக்கும்; மழையில் விட்டால் இலையாகத் தள்ளும். இவை எதற்கும் நேரமில்லாதவர்களுக்கு இட்லிப்பூவும் செம்பருத்தியும் போதும். அவை வருடம் முழுக்கப் பூக்கும். பாண்டானும் செராயும் வாசலோரத்தில் நன்றாகத் தழைக்கும், சமையலுக்கும் ஆகும்.

சிமெண்டுத் தரையில் பச்சைப் பாசி படிந்திருக்கும். வயதானவர்கள் விழுவது அங்கேதான். வெளுக்கும் திரவத்தை நீரில் கலந்து ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். இதைப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், வாடையும் போகும், திரும்பத் தேய்க்கவும் அவகாசம் இருக்கும்.

பழைய பலகை, ஓடு, தென்னை மட்டை எல்லாம் குவிந்திருந்தால் எடுத்துப் போடும்போது கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். செம்பனை சூழ்ந்த ஊரில் பாம்பு வீட்டு வாசல் வரை வரும். மலைப்பாம்போ நாகமோ தென்பட்டால், மரத்தில் குளவிக்கூடு கட்டியிருந்தால், 999 அடித்துத் தீயணைப்புத் துறையான பொம்பாவைக் கூப்பிடுவதே சரி. வாரிய குப்பையைக் கொளுத்த வேண்டாம்; சட்டமும் தடுக்கிறது, பக்கத்து வீட்டுத் துணியும் கருகும். ஒரு மூலையில் குழி வெட்டி இலையைப் போட்டால் அடுத்த வருடத் தொட்டிக்கு மண் தயார்.

கெமா (பந்தல்) வாடகைக்கு எடுப்பவர்கள் அதன் கால்களுக்கு மணல் மூட்டை கேட்டு வாங்குங்கள். மலைக்காற்று மழைக்குச் சற்று முன்பாக ஒரே வீச்சாக வரும், கட்டாத கெமா ரோட்டுக்குப் போய்விடும். கேன்வாஸில் தண்ணீர் தொந்தியாக இறங்கினால், கீழே யாரும் இல்லாதபோது துடைப்பக் கட்டையால் மேலே தள்ளிவிட வேண்டும். ரோட்டில் போடுவதானால் முன்கூட்டியே உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வாங்கிவிடுங்கள். கெமாவின் கீழ் ஒரு நின்றாடும் விசிறி வையுங்கள். ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் காலையிலும் சாயங்காலத்திலும். காற்று அடிக்கும் இடத்தில் கொசு நிலைத்துப் பறக்க முடியாது. விசிறிக்கும் சர விளக்குக்கும் போகும் வயரைத் தரையில் விடாமல் கம்பியில் உயர்த்திக் கட்டுங்கள். இணைப்பு ஈரத்தில் படக் கூடாது. வீட்டு மெயினில் உள்ள இ.எல்.சி.பி. பொத்தானை அமுக்கி, மின்சாரம் துண்டிக்கிறதா என்று முன்னதாகவே சோதித்துவிடுங்கள்.

நாற்காலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த புல்லில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டால், உட்கார்ந்தவரின் கனத்தில் பின்னங்கால் மட்டும் மண்ணுக்குள் இறங்கும். இளையவர்கள் எழுந்துகொள்வார்கள். தோட்டத்திலிருந்து வரும் எழுபது வயதுப் பாட்டிகளால் அது ஆகாது. நாற்காலி வரிசைக்கு அடியில் பழைய பிளைவுட் பலகையைப் போட்டுவிட்டால் கால் இறங்காது. அவர்களுக்குச் செருப்புக் கழற்றும் இடத்திலேயே, கூரைக்கு அடியில், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று தனியாக வேண்டும்.

"எங்க பாட்டி உட்காரப் போறீங்க, உள்ள வாங்க."

"இங்கனயே இருக்கேன் ஆயா. வர்றவங்களப் பாக்கணும்ல."

லயத்தில் எல்லாரும் வாசலில்தான் உட்கார்ந்தார்கள். உள்ளே கூப்பிடுவதைவிட, அவர்கள் உட்கார விரும்பும் இடத்தை நனையாமல் வைப்பதுதான் மரியாதை. செருப்பு அடுக்கும் பலகையும் கூரைக்குள் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர் ஈரச் செருப்பில் கால் நுழைப்பது வருத்தமான விஷயம்.

பலகார மேசை சமையலறைக் கதவுப் பக்கம், தண்ணீர் மேசை எதிர்ப்பக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கேயே கூட்டம் அடைத்துக்கொள்ளும். முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் சமையல்காரரிடம் சொல்லி வரவழைத்த சாப்பாட்டைத் தனி மேசையில், தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வைத்து, யாரிடமிருந்து வந்தது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். மது அந்தப் பக்கமே வேண்டாம். சைவ மேசையை ஆட்டுக்கறிப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால், அன்றைக்குப் பின்கட்டில் நிழலும் தண்ணீரும் வைத்துக் கட்டுங்கள். பல வருடமாகப் பழகிய மலாய்த் தோழி வாசற்கதவில் தயங்கி நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

கோலத்தைக் கூரைக்குள் போடுங்கள், மழைச் சாரல் எட்டாத அளவு உள்ளே. சாயம் தோய்த்த அரிசிக் கோலமானால் ஓரத்தில் ஈரம் படாமல் பார்க்க வேண்டும், சாயம் சிமெண்டில் ஏறினால் லேசில் போகாது. மத்தாப்பு கொளுத்தும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் நிற்கட்டும். எரிந்த கம்பியைப் பிள்ளைகள் அதில் போடப் பழகட்டும்.

இவ்வளவும் தீபாவளிக்கு முதல்நாள் மதியத்துக்குள் முடிய வேண்டும். அன்று மாலை முன்னோர் படையலுக்கு உரியது. வெட்டுக்கத்தியும் மண்வெட்டியும் வாசலில் கிடக்கும்போது இலை போடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

விருந்து முடிந்த மறுநாள் காலையில் செடிகளுக்கு அடியிலும் கெமா போட்ட இடத்தின் ஓரத்திலும் குனிந்து தேடுங்கள். காகிதக் கோப்பை, பிளாஸ்டிக் தட்டு, பிள்ளைகள் விட்டுப்போன பானப் பெட்டி என்று ஏதாவது கிடக்கும். அன்று மாலை மழையில் அவை நிறைந்துவிடும். மத்தாப்பு வாளியையும் அப்போதே கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.