தல்ஜும் எங்கள் ஊர்ப் பனியும்

சென்ற மார்கழியில் என் மாமனார் மவுத்தானார்கள். காலை எட்டு மணிக்கு ஜனாஸா தொழுகை முடிந்து, எரியோடு கபர்ஸ்தானில் அடக்கம் செய்தோம். பனி இன்னும் விலகவில்லை. புல்லில் நடந்த எல்லாருடைய கைலி ஓரமும் நனைந்திருந்தது.

திரும்பும் வழியில் என் இளைய மகன், “அத்தா, நன்னாவுக்கு என்ன துஆ ஓதினீங்க?” என்றான். மூன்றாம் தக்பீருக்குப் பின் நான் மெல்ல ஓதியதைச் சொல்லி, மய்யித்தைத் தண்ணீரைக் கொண்டும், பனியைக் கொண்டும், ஆலங்கட்டியைக் கொண்டும் கழுவும்படி அதில் அல்லாஹ்விடம் கேட்கிறோம் என்று பொருளும் சொன்னேன். “பனியா? இப்ப மிதிச்சுட்டு வந்தோமே, அதுவா?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவ்ஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் அறிவித்து, முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான துஆ அது. ஷாபிஈ மத்ஹபினர் இதை அதிகம் ஓதுவர்; ஹனபிகளிடம் பெரிதும் வழக்கத்திலுள்ளது வேறு துஆ. ஒரு ஜனாஸாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதை ஓதக் கேட்ட அந்த ஸஹாபி, அந்த மய்யித்து தாமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாராம். உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை அப்படி ஏங்க வைத்த துஆவை, நாம் பொருளறியாமல் ஓதிவிட்டு வருகிறோம்.

அந்த மூன்றில் தண்ணீரை அறிவோம். ஆலங்கட்டியையும் அறிவோம், கோடை மழையில் அது ஓட்டின்மேல் சடசடவென விழுவதைப் பார்த்திருக்கிறோம். சூரத்துந் நூரின் 43ஆம் வசனத்திலும் அது பேசப்படுகிறது. எஞ்சியிருப்பது தல்ஜ். அதை நாம் பனி என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்லின் மேலுள்ள துளியையும் குறிக்கும், காலை மூட்டத்தையும் குறிக்கும், காஷ்மீரில் கொட்டுவதையும் குறிக்கும். மகன் குழம்பியது அவன் குற்றமன்று.

தல்ஜ் மேகத்திலேயே உறைந்து இறங்குவது. நீராவி நேரே படிகமாகிறது. பெரும்பாலும் ஆறு கோணம், ஆறு கை. பனிக்கட்டி நிறமற்றது, ஆனால் குவிந்து கிடக்கையில் வெள்ளைவெளேரென்று தெரிகிறது. தாய்மார்கள் கற்கண்டை நினைத்துக் கொள்ளட்டும்: கட்டியாக இருக்கையில் வெளிச்சம் ஊடுருவும், இடித்துப் பொடியாக்கினால் வெண்மையாகும். எண்ணற்ற முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதே காரணம்.

நம் மாவட்டத்திலேயே அதற்கு நெருங்கிய காட்சி உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்றடங்கிய இரவுகளில், ஏரியை ஒட்டிய புல்வெளிகளில் உறைபனி படர்கிறது. புல் தன் சூட்டை வானத்திற்கு விட்டுவிட்டுக் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த காற்று கனமாதலால் சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. இது மேகத்திலிருந்து விழுந்ததன்று, தரையிலேயே பூத்தது. எனவே தல்ஜும் அன்று. இருந்தாலும் அதன் வெண்மையைக் கண்டவர் துஆவின் சொல்லை வேறு விதமாக ஓதுவார். எரியோட்டுச் சோளத்தட்டையிலும் அவரைக் கொடியிலும் துளிர்ப்பதும் இதே வேலையால்தான். இங்கே குளிர் போதாமையால் உறையாமல் நீராகவே நிற்கிறது. மேகமூட்டமான இரவில் அதுவும் குறைவு.

அழுக்கு நீங்க வெந்நீர்தானே நல்லது, பனி எதற்கு என்று கேட்கலாம். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்) இதற்கு விளக்கம் தருகிறார்கள்: பனியும் ஆலங்கட்டியும் கை படாதவை, புழக்கத்தில் தாழ்ந்து போகாதவை; தூய்மையை வலியுறுத்தவே அவை சொல்லப்பட்டன. எனக்கு இது மிகவும் பிடித்த விளக்கம். சுபுஹுக்குப் போகும் வழியில் யார் காலும் படாத புல்லை ஒருமுறை குனிந்து பார்த்தால் இமாமவர்கள் சொல்வது விளங்கும். இருப்பவர்களுக்கும் இதே வேண்டுதல் உண்டு. தக்பீருக்கும் கிராஅத்துக்கும் இடையே நாயகம் (ஸல்) அவர்கள் ஓதியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் துஆவும் இந்த மூன்றையும் சொல்லித்தான் முடிகிறது.

ஆனால் பனியை ரசிக்க எழ வேண்டுமே! குளிரில் ஒளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் செயல்களில் ஒன்றென ஹதீஸில் வந்துள்ளது. வெந்நீர் வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) கடுங்குளிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். பின்னர் காரணம் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. இதைக் காட்டி, அடுப்பும் பாத்திரமும் வீட்டில் இருக்கையில் மண்ணைத் தேடுவது சோம்பல்தான்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு மஸ்அலா. பனிக்கட்டி உருகிய நீரால் ஒளூ கூடும். உருகாத பனியை முகத்திலும் கையிலும் தேய்த்தால் மட்டும் போதாது, நீர் உறுப்பின்மேல் ஓட வேண்டும். தலைக்கு மஸ்ஹு செய்ய ஈரம் பட்டாலே போதும்.

மகனைத் தை மாதத்தில் கொடைக்கானலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தினமும் சுபுஹுக்கு என்னோடு வருகிறான். போகும் வழியில் நன்னாவின் கபுருப் பக்கம் திரும்பி ஸலாம் சொல்கிறான்.