புனைவும் நினைவும்: ‘பிராங்கென்ஸ்டைன்’ பற்றிய சில சிந்தனைகள்

உலகில் இல்லாத பொருளை உள்ளதுபோற் புனைந்துரைக்கும் கதைகளை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவார் பலர். மெய்யை எதிர்நோக்க அஞ்சுவோர்க்கு அவை புகலிடம் என்பது அவர் கருத்து. இக்கருத்துப் பொருந்துமா என்பதனை, அவ்வகைக் கதைகளுக்கு முன்னோடியாகப் போற்றப்பெறும் ‘பிராங்கென்ஸ்டைன்’ என்னும் ஆங்கில நாவலைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. வானிற் பரந்த கந்தக நுண்டுகள்கள் கதிரவன் வெம்மையைக் குறைத்தன. அதனால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற்குக் கோடையில்லா ஆண்டாயிற்று. பல இடங்களிற் பயிர் பொய்த்தது. அக்காலத்தார் இக்காரணத்தை அறியார்.

அக்கோடையில் ஜெனீவா ஏரிக்கரையிற் கவிஞர் பைரன் தங்கியிருந்த மாளிகையில் ஷெல்லியும், பின்னர் அவர்தம் மனைவியான மேரியும், மருத்துவர் பொலிடோரியும் கூடினர். விடாமழை அவர்களை உள்ளேயே இருத்திற்று. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். அப்போது மேரிக்கு வயது 18. ஒரே இருண்ட வானம் இருவர் உள்ளத்தில் இருவேறு வித்தாய் முளைத்தது. பைரன், கதிரவன் அவிந்துபோக மக்கள் ஒளிவேண்டித் தம் வீடுகளையே எரிக்கும் காட்சியை ‘இருள்’ என்னும் பாட்டாக்கினார். மேரியோ, உயிரற்ற உறுப்புக்களைச் சேர்த்து உயிரூட்டிய மாணவன் ஒருவன் கதையைத் தொடங்கினார். அந்நூல் 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது.

ஓவியமும் இதன்கண் கலந்துளது. ஹென்றி பியூசெலி 1781இல் தீட்டிய ‘கொடுங்கனவு’ என்னும் படத்தில், ஒரு பெண் கட்டிலினின்றும் தலை தொங்கக் கிடக்கின்றாள். நாவலில் மணமகள் எலிசபெத்து இறந்துகிடக்கும் காட்சி இப்படத்தை ஒத்திருத்தலை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வோவியர் மேரியின் அன்னைக்கு அறிமுகமானவர்.

ஆயினும், இந்நூலின் ஆழ்ந்த ஊற்று ஆசிரியரின் சொந்த நினைவே என்பது எம் துணிபு. 1797இல் மேரி பிறந்த சில நாட்களிலேயே அன்னை காலமானார். 1815இல் மேரி ஈன்ற முதற்குழந்தை, பெயரிடப்பெறாமலே சில நாட்களில் இறந்தது. அக்குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்க்க அது மீண்டும் உயிர்பெற்றதாகத் தாம் கண்ட கனவை அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இறந்ததனை உயிர்ப்பிக்கும் கதை, பேய்க்கதைப் போட்டிக்கு முன்னரே ஒரு தாயின் நெஞ்சில் இருந்ததன்றோ?

இதனை அறிந்தபின் நாவலைப் படிப்போர்க்கு அதன் பொருள் வேறாகத் தோன்றும். விக்டர் பிராங்கென்ஸ்டைன் படைத்த உயிருக்கும் பெயரில்லை. பலர் அதற்கு வழங்கும் பெயர் படைத்தவனுடையதே. கண் விழித்த அன்றே அதனை வெறுத்து ஓடினான் விக்டர். அதுவோ ஒரு குடிசையின் அருகே ஒளிந்திருந்து, உள்ளே பேசுவார் பேச்சைக் கேட்டே மொழி பயின்றது. மில்டனின் காவியத்தையும் படித்தது. கண்ணில்லாத முதியவர் ஒருவரே அதனிடம் அன்பாகப் பேசினார். கண்ணுடையார் அடித்துத் துரத்தினர். அதன்பின்னரே அது கொடியதாயிற்று. யான் மாணவப் பருவத்தில் அவ்வுருவைக் கண்டு அஞ்சினேன். என் மக்களை வளர்த்தபின் படித்தபோது அதன்பொருட்டு இரங்கினேன். படைத்தது மட்டும் விக்டரின் குற்றமன்று. படைத்ததனைக் கைவிட்டதே பெருங்குற்றம்.

1822இல் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தார். 1824இல் பைரனும் மறைந்தார். தனித்து நின்ற மேரி, கொள்ளைநோயால் மக்களினம் அழிய ஒருவனே எஞ்சும் ‘கடைசி மனிதன்’ என்னும் நாவலை 1826இல் வெளியிட்டார். இங்கும் புனைவு துயரத்தினின்றும் ஓடவில்லை. நேரே சொல்லலாகாத துயரத்திற்கு உருவங் கொடுத்தது.

மாணவ நண்பர்காள்! பேசும் பொறிகளையும் மனிதன் இயற்றும் காலம் இது. ஒரு பொருளை ஆக்க வல்லமோ என்று வினவுமுன், ஆக்கியபின் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்போமோ என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும். அவ்வினாவை 18 வயதுப் பெண்ணொருத்தி இரு நூற்றாண்டுகட்கு முன்னரே எழுப்பினார். விடை கூறுதல் நம் கடன்.